நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்வோர் வழிநெடுகச் சுவர்களில் ஒட்டப்பெற்றுள்ள நாடக விளம்பரத்தாள்களைக் காணாமற் செல்லுதல் அரிது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவர் படமும் பெயரும் ஊரும் தனித்தனியே காணப்படும். நாடகம் இரவு பத்து மணிக்கு என்றிருக்கும்; எத்துணை மணி வரை என்றிராது, விடியும்வரை என்பது எல்லாருக்கும் தெரியுமாதலால். டிக்கட்டு விலை மட்டும் அத்தாளில் எங்கும் இராது. கோயிலெதிரே பொட்டலிற் பாய் விரித்து அமர்வோர் எவரும் ஒரு காசும் கொடுக்கவேண்டுவதில்லை.

நமது சீமையோ வானத்தை நம்பி வாழும் சீமை. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பருத்தியும் கம்பும் சோளமும் ஒரு மழை தவறினால் கருகும் கரிசல் நிலத்தில், ஆயிரக்கணக்கில் பணஞ்செலவாகும் நாடகத்தை ஆண்டுதோறும் நடத்துகின்றவர் யாவர்? பெருஞ்செல்வர் எவருமல்லர். திருவிழாவுக்கு முன்னர் ஊர்க்கூட்டங் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விதிப்பர். கணக்குப்பிள்ளையொருவர் நோட்டுப்புத்தகத்துடன் வீடுவீடாகச் சென்று தண்டுவார். பந்தல், ஒலிபெருக்கி, முளைப்பாரி, வாணவேடிக்கை என்னும் செலவினங்களுடன் நாடகம் என்பதும் ஒரு வரியாக அந்நோட்டில் ஏறும். இவ்வாறு ஊராரே முன்னதாகப் பணந்திரட்டி, ஊராரே இலவசமாய்க் காணும் நாடகங்களிற் பெரும்பாலானவை ஒரே ஆசிரியருடையவை. அவர்தாம் தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் என்று போற்றும் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. அவர் பணிபுரிந்த நாடகக் கம்பெனிகளில் ஒன்றேனும் இன்று இல்லை. கம்பெனிகள் மறைந்தும் நாடகங்கள் மட்டும் மறையாமலிருத்தற்குரிய காரணத்தை அவர்தம் வாழ்க்கையிலேயே காணலாமென்று நமக்குத் தோன்றுகிறது.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணத்தில் வல்லவராயிருந்தமையின் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றவர். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்று, வெண்பாவும் கலித்துறையும் சந்தப்பாக்களும் தடையின்றிப் பாடும் ஆற்றல் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்கு உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் எத்தனையோ சபைகளின் வரவு செலவுக் கவலைகளுக்கு நடுவே வாழ்ந்த இப்பெரியார், இளமையிற் கணக்கெழுதிப் பிழைத்தவர் என்பது நினைக்கத்தக்கதே. தமக்கென ஒரு கணக்கு அவர் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. மணஞ்செய்து கொள்ளவுமில்லை.

தமது இருபத்துநான்காம் வயதில், அதாவது 1891-இல், அவ்வுத்தியோகத்தை விடுத்து நாடகம் புகுந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். இவ்விரண்டையும் ஒருசேர நினைத்தால் ஓர் உண்மை புலனாகும். சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆவர். அவர்கள் பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் நாடகமாடியவர்கள். சபைக்குச் சந்தா கட்டும் உறுப்பினர் இருந்தனர். ஓரிரவு கொட்டகை காலியாயிருந்தாலும் எவர் வீட்டு அடுப்பும் அணையாது. சுவாமிகள் புகுந்த நாடகமோ தொழில் நாடகம். அன்றிரவு வசூல்தான் மறுநாட் சோறு.

தொடக்கத்தில் சாமிநாயுடு என்பவர் சபையில் சூத்திரதாரராகவும் நடிகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். இரணியன், இராவணன், யமன், சனீசுவரன் ஆகிய கொடிய வேடங்களே அவருக்கு வாய்த்தன. உருவமும் குரலும் அவற்றிற்கேற்பப் பொருந்தியிருந்தன. யமனாக அவர் மேடையில் தோன்றியபோது கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அஞ்சிக் கருவிழந்தாளென்றும், விடியற்காலையில் சனீசுவர வேடத்தைக் கலைக்கச் சென்றவரைக் கண்டு மற்றொரு பெண் அதிர்ச்சியால் உயிர்நீத்தாளென்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லிவருவர். அந்நிகழ்ச்சிகளால் மனம் நொந்து அவர் வேடம் புனைவதையே நிறுத்தினார் என்பர். பின்னர்த் துறவுக் கோலத்துடன் தலங்கள் பலவற்றிற்கும் யாத்திரை செய்தார். சங்கரதாஸ் என்ற பெயரோடு சுவாமிகள் என்ற பட்டமும் அப்போது சேர்ந்தது.

யாத்திரை அவரைப் புதுக்கோட்டைக்குக் கொணர்ந்தது. அங்கே கஞ்சிராவில் இணையற்ற லய வித்துவானாய் விளங்கிய மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் புதல்வரைப்போல் ஏற்று, தாளநுட்பங்களைப் பயிற்றி, மீண்டும் நாடகத் துறைக்கே அனுப்பினார். சுவாமிகளின் பாடல்களில் வரும் தாளச் சிக்கல்களைப் பாடிப் பார்த்தவர்கள் அப்புதுக்கோட்டை வாசத்தின் பயனை உணர்வர். அதன்பின் வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் முதலியோரின் சபைகளில் ஆசிரியராயிருந்தார். ஒரு வேடத்திற் சிறந்தமையால் அவ்வேடத்தின் பெயரே தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட நடிகர்கள் வாழ்ந்த காலம் அது.

அக்காலத்துக் கம்பெனிகளின் நிலைமையைச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும். ஒரு கம்பெனியென்றால் நடிகர், பக்கவாத்தியக்காரர், திரை தூக்குவோர், விளக்குப் பார்ப்போர், சமையற்காரர் என்று ஐம்பது அறுபது பேர் ஒரே வீட்டிலிருந்து உண்ணுங் கூட்டம். ஓர் ஊருக்கு வந்ததும் கொட்டகை வாடகை, கம்பெனி வீட்டு வாடகை, நோட்டீசு அச்சுக்கூலி, தெருத்தெருவாய்க் கொட்டு முழக்கிச் செல்லும் வண்டிக்கூலி என்று வரவுக்கு முன்பே செலவு தொடங்கிவிடும். முதல் வாரம் நாற்காலி, பெஞ்சு, தரை எல்லாம் நிறையும். கையிலுள்ள பதினைந்து இருபது நாடகங்களையும் ஒரு சுற்று ஆடி முடித்ததும் கூட்டம் குறையும். உடனே வேற்றூர் செல்லவேண்டும். திரைகளையும் உடுப்புப் பெட்டிகளையும் இரயிலில் ஏற்றிச் செல்லுதற்குப் பணம் வேண்டும். அப்பணம் இல்லாதபோது வட்டிக்கு வாங்குவர். வட்டி கட்டுதற்காகக் கூட்டம் வாராத ஊரிலேயே மேலும் பத்து நாள் ஆடுவர். மழைக்காலமோ கேட்க வேண்டுவதில்லை. இடையே பம்பாயிலிருந்து வந்த பார்சிக் கம்பெனிகள் ஜொலிக்கும் திரைகளையும் தந்திரக் காட்சிகளையும் காட்டிச் சென்றமையால், ஜனங்கள் அத்தகைய ஆடம்பரத்தையே எதிர்பார்க்கலாயினர். கன்னையா கம்பெனி தசாவதாரத்திற்குச் செய்த காட்சி ஜோடனைகள் தமிழ்நாடெங்கும் பேசப்பட்டன. பெருமுதலுடையோர் அதற்கு ஈடுகொடுத்தனர். ஏனையோர் கடனில் மூழ்கினர்.

நாடகத்திற்கு அரசர் கை உதவவில்லையோ எனில், சங்கீதத்திற்கு உதவிய அளவு உதவவில்லையென்றே சொல்லவேண்டும். நமது சேதுநாட்டில் பாஸ்கர சேதுபதி மன்னர் பாடகர்க்கும் புலவர்க்கும் அள்ளியள்ளிக் கொடுத்தார். அம்மன்னரே கடனாளியானார் என்பதும் நாமறிந்த சரித்திரம். கொடுக்கும் கை ஒன்றேயாயின், அது சோர்ந்த அன்று கலையும் சோருமன்றோ?

கம்பெனிகளை வருத்திய துன்பம் பணமுடை ஒன்றேயன்று. பேர்பெற்ற நடிகர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குச் சென்றுவிடுவர். வந்தவரும் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசாது தமக்குத் தோன்றியதைப் பேசுவர். இதனாற் சலிப்புற்ற சுவாமிகள் சிறுவரைக்கொண்டே நாடகம் நடத்துவதென்று துணிந்தார். 1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை என்ற பெயருடன் சொந்தமாகவே ஒரு சபையை அமைத்தார். செங்கோட்டைச் சிறுவர் கிட்டப்பாவும் அவர்தம் சகோதரரும் பயின்ற இடம் அதுவே. அச்சபை நெடுங்காலம் நிலைக்கவில்லை.

பின்னர் 1918-இல் மதுரையில் சிலர் முதலிட்டுத் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்குச் சுவாமிகள் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே கண்ணுசாமிப் பிள்ளை என்னும் நடிகர் தம் புதல்வர் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரையும் அழைத்துவந்து அங்கே சேர்த்தார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர் என்று நாடறிந்தோர் இவர்களே. சுவாமிகளைப்பற்றி நாமறிந்த செய்திகளிற் பெரும்பகுதி இச்சண்முகம் அவர்கள் எழுதிவைத்தமையாற் கிடைத்ததேயாம். பாலர் சபை என்பது ஒருவகைக் குருகுலம். விடியற்காலையிற் பாட்டுப் பயிற்சி, பகலில் வசனப் பாடம், இரவில் நாடகம். ஆசிரியர் சினந்தால் பிரம்பும் பேசும். பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும் பருவத்தில் கம்பெனியின் பெரு முதல் ஒரே மாதத்தில் அழிந்துபோவதும் உண்டு. வட்டிக்கடைக்காரரிடம் அதனைச் சொல்லித் தவணை கேட்க இயலுமா? பையன்களின் பெற்றோர்க்கும் மாதந்தவறாமற் சம்பளம் அனுப்பியாகவேண்டும். இவ்வாறு பிழைப்புக்காகப் பெற்றோரைப் பிரிந்து கண்விழித்த சிறுவர்களின் துன்பத்தை, அக்கலையின் சிறப்பைப் பேசும்போது நாம் மறந்துவிடுதல் தகாது.

இக்காலத்தில் நடந்ததே யாவரும் வியந்துரைக்கும் செய்தி. அபிமன்யு கதை உடனே வேண்டுமென்று ஏற்பட்டபோது, சுவாமிகள் ஓரிரவு விளக்கருகில் அமர்ந்து, பொழுது விடிவதற்குள் அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைப் பாடலும் வசனமுமாக எழுதி முடித்தார். அவர் இயற்றிய நாடகங்கள் அறுபத்தெட்டு என்று கணக்கிடுவர். கிடைப்பவை அவற்றிற் சிலவே. அவசரத்திற் பிறந்தவை அவை. வசூலுக்காகப் பிறந்தவை என்றாலும் தவறன்று. ஆயினும் அவற்றின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. வேடந்தோறும் நுழைவுப் பாட்டு, விருத்தம், வசனம், எதிரியுடன் தர்க்கம் என்று ஒவ்வொரு பாகமும் தன்னளவில் நிறைவுடையதாய், தனியே பாடஞ்செய்யத்தக்கதாய் நிற்கும். முருகன் வேடத்தார் தம் பாகத்தையும், வள்ளி வேடத்தார் தம் பாகத்தையும், நாரதர் தம் பாகத்தையும் வேறுவேறு ஊர்களிலிருந்தே மனனஞ்செய்துகொள்ளலாம். மலிவுவிலைப் புத்தகங்களாய் அவை அச்சாகிச் சந்தைகளில் விற்றமையால் இது மேலும் எளிதாயிற்று. இவ்வமைப்பின் பயன் அவர் வாழ்நாளுக்குப் பின்னரே முழுதும் வெளிப்பட்டது.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையுங் காலும் விழுந்தன, நாவும் அடங்கிற்று. ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றிய நா ஒரு சொல்லும் பேசமாட்டாது கிடந்தது. சபையாரோ ஊர்விட்டு ஊர் செல்லவேண்டியவர்கள். அசைய இயலாத ஆசிரியரையும் உடன்கொண்டு சென்றனர். சபை புதுச்சேரியில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாளிரவு அவர் ஆவி பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அவருடலை அடக்கஞ்செய்தனர். மூன்றாண்டுகளுக்குள் டி.கே.எஸ். சகோதரர் தம் சொந்தச் சபையைக் கண்டனர். மீனலோசனி சபை மறைந்தது.

அப்பொழுது நாடக உலகில் ஒரு மாறுதல் பரவிவந்தது. ஐம்பது பேரைக் கட்டிக்காக்கும் கம்பெனியை விடுத்து, பெயர்பெற்ற நடிகர் சிலரை ஓரிரவுக்கு மட்டும் அமர்த்தி ஒரே மேடையிற் சேர்க்கும் வழக்கமே அது. அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை என்பதே இல்லை. மேடையில்தான் முதன்முறை சந்திப்பர். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920-களில் சேர்ந்து பாடி ஜனத்திரளை ஈர்த்தது இம்முறையில்தான். சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ் தேசியப் பாடல்களைப் பாடிப் பன்முறை சிறைசென்றதும், 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே உயிர்நீத்ததும் வள்ளி திருமண நாடகத்தில்தான். முன்பின் அறியாத இருவர் இரவு முழுவதும் தர்க்கித்தும் பாடியும் கதையை நடத்திச் செல்லுதல் எங்ஙனம் இயலும்? இருவருக்கும் பொதுவாக ஒரு பாடம் இருந்தமையால் இயன்றது. அப்பாடம் சுவாமிகளுடையது.

இதற்கு ஒப்பானதொன்றை நாம் அமெரிக்க நாட்டில் காண்கிறோம். அங்கே நீக்ரோ மக்களின் இசையாகப் பிறந்த ஜாஸ் சங்கீதம் 1930-களிற் பெரும் வாத்தியக் குழுக்களாய் வளர்ந்தது. பதினைந்து இருபது வித்துவான்களைச் சம்பளத்துக்கு வைத்து, ஊர் ஊராய் மோட்டார் வண்டியில் அழைத்துச் செல்லும் அக்குழுக்கள் நம் நாடகக் கம்பெனிகளை ஒத்தவையே. 1944-இல் அந்நாட்டு அரசாங்கம் ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகளுக்கு நூற்றுக்கு முப்பது என்று வரி விதித்தது. பின்னர் அதனை இருபதாகக் குறைத்தது. செலவும் ஏறிற்று. 1946-ஆம் ஆண்டு முடிவில் பென்னி குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்ஸி முதலியோரின் பெருங்குழுக்கள் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கலைந்தன. ஆயினும் இசை அழியவில்லை. எல்லா வித்துவான்களும் அறிந்த பொதுப்பாட்டுக்கள் சில இருந்தன. முன்பின் பழகாத நால்வர் ஐவர் ஒரு சிறு விடுதியிற் கூடி, அவற்றுள் ஒன்றை எடுத்து, ஒத்திகையின்றியே இரவெல்லாம் விரித்து வாசித்தனர். ஸ்பெஷல் நாடகத்தின் தன்மையும் இதுவே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. அங்கே கேட்போர் ஒவ்வொருவரும் வாயிலிற் பணங்கொடுத்து நுழையவேண்டும். கூட்டம் வாராத இரவு விடுதிக்காரர்க்கு நஷ்டம். இங்கே ஊர் முழுவதும் முன்னரே கொடுத்துவிடுகிறது.

இவ்வேற்றுமையே நமது சீமையில் நாடகத்தைக் காத்தது என்பது நம் எண்ணம். 1931-இல் தமிழ்ப் பேசும் படம் வந்தபின், நகரங்களில் டிக்கட்டை நம்பியிருந்த நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாய்ப் படக்கொட்டகைகளாக மாறின. பேர்பெற்ற நடிகர்களும் படத்துக்குச் சென்றனர். ஆனால் அம்மனுக்கு நேர்ந்துகொண்ட நாடகத்தைப் படக்கொட்டகை எடுத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்து ஊரில் வள்ளி திருமணம் நடந்தால் நம்மூரில் பவளக்கொடியேனும் நடக்கவேண்டும் என்ற மானமும் துணைநின்றது. ஏற்பாடு செய்வோர்க்கும் நடிகர்க்கும் இடையே நின்று தேதி குறிப்பதற்கு மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களில் நடிகர் சங்கங்கள் ஏற்பட்டன. சுவாமிகளின் நாடகங்களுக்கு இன்று எவரும் உரிமைப்பணம் செலுத்தவேண்டுவதில்லை என்பதும் ஏழையூர்களுக்கு ஓர் உதவியே.

குறையைச் சொல்லாமல் விடுதலும் முறையன்று. சுவாமிகள் சிறுவர்சபை கண்டதே எழுதியபடி பேசுவிப்பதற்காக. ஸ்பெஷல் நாடகமோ அக்கட்டுப்பாட்டை அறவே விட்டது. இன்று வள்ளி திருமணத்திற் பபூனும் நடனக்காரியும் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்கின்றனர். வேலன் வள்ளியின் கரம்பற்றுமுன் கிழக்கு வெளுத்துவிடுகிறது. முன்வரிசையிற் குழந்தைகளும் பாட்டிமாரும் உறங்கிப்போயிருப்பர். விருத்தங்களை முழுதும் பாடுவோர் அருகிவருகின்றனர். சுவாமிகள் இதனைக் கண்டால் பிரம்பைத் தேடுவாரென்றே அஞ்சுகிறோம். ஆயினும், பாடம் பிசகாத மீனலோசனி சபை ஆறேழு ஆண்டுகளில் மறைந்தது. பாடம் பிசகும் ஸ்பெஷல் நாடகமோ நூறாண்டாய் நடக்கிறது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

இம்முறையும் ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று. நடிகர்க்கு ஆண்டு வருமானத்திற் பெரும்பகுதி பங்குனி தொடங்கி ஆடி வரையுள்ள திருவிழாக் காலத்திலேயே கிடைக்கவேண்டும். மழை பொய்த்த ஆண்டில் ஊர்க்கூட்டத்தார் முதலிற் குறைப்பது நாடகத்தைத்தான். 2020-ஆம் ஆண்டு பங்குனியில் கொள்ளைநோய்க்காக நாடெங்கும் ஊரடங்கு விதித்தபோது அவ்வாண்டுத் திருவிழாக்கள் நின்றன. அடுத்த ஆண்டும் சித்திரையோடு மீண்டும் நின்றன. குறித்திருந்த தேதிகள் யாவும் வீணாயின. ராஜபார்ட்டாக வீற்றிருந்தவர் கூலிவேலைக்குச் சென்றார்; ஆர்மோனியக்காரர் பெட்டியை அடகு வைத்தார். கம்பெனிக் காலத்திலேனும் பசித்தவர்க்கு ஒரு பொது அடுப்பு இருந்தது. ஸ்பெஷல் நடிகருக்கு அதுவுமில்லை.

நோய் தணிந்தபின் திருவிழாக்கள் திரும்பின. மதுரையில் நடிகர்கள் சுவாமிகளுக்குக் குருபூசை நடத்தி, அவர் படத்துக்கு மாலையிட்டு வணங்குகின்றனர். நமதூர்ப்பக்கத்திலோ, நாடகம் முடிந்த மறுநாட் காலையில் பந்தற்கால்களைப் பிடுங்கிக்கொண்டிருக்கையில், கணக்குப்பிள்ளை கோயில் திண்ணையிலமர்ந்து நோட்டைப் படிப்பார். வரி நிலுவை வைத்திருப்பவர் பெயரைப் படிக்கும்போது, அவர் அங்கேயே உறக்கக் கண்களுடன் நின்றுகொண்டு, பருத்தி போட்டதும் தந்துவிடுகிறேனென்பார். இரவு முழுவதும் முன்வரிசையில் அமர்ந்து, விருத்தத்திற்கு விருத்தம் தலையசைத்தவரும் அவரே.